மூன்று நோட்டுகளில் எதை எடுப்பது?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. பயிற்சியை மட்டும் நடுவில் விட்டுவிடாதே. எனக்கும் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புரை எடுத்த பிறகு நீலம் இத்தனை நீலமாகத் தெரியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தாலும் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. நீ அனுப்பிய படங்களையும் பெரிதாக்கி, ஆசை தீரப் பார்த்தேன்.

உன் தம்பி மகள் முதல் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள், அத்தையின் நினைவாகச் சின்னதாக, அழகாக ஒரு நோட்டு கொடுக்க வேண்டும், மூன்றில் எதை எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். மூன்றாவதை எடு. துணி முதுகு வைத்து, மார்பிள் காகிதம் ஒட்டிய அந்த நோட்டைத்தான் சொல்கிறேன். ஏன் என்று சொல்லாமல் விட மனசு வரவில்லை, அதனால் கடிதம் கொஞ்சம் நீளும்.

முதல் நோட்டின் அட்டையில் கண்ணாடிச் சில்லும் மணியும் பதித்திருக்கிறார்கள். ஜொலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மேஜையில் விரித்து வைத்தால் அடியில் மணி இடறி நோட்டு ஆடும். கைப்பைக்குள் போட்டால் துணியில் மாட்டும். ஒரு மணி உதிர்ந்துவிட்டால் அதற்கப்புறம் கண் அந்த ஓட்டைக்குத்தான் போகும். அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பார்க்கலாம், தினம் வேலைக்குப் போகிற பெண்ணால் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

இரண்டாவது தோல் மாதிரி இருக்கிறது, பித்தளைப் பூட்டும் வைத்திருக்கிறார்கள். நிஜத் தோல்தானா என்று கேட்டுப் பார். பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் என்றால் வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரமே அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். சில வருடங்களில் பிசுபிசுக்கும், அப்புறம் செதில் செதிலாக உரியும். பழைய கைப்பைகளில் நீயே பார்த்திருப்பாய். ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்று கொடுக்கிற பொருளுக்கு அது ஆகாது. பூட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, சாவி தொலைந்தால் கிழித்துத்தான் திறக்க வேண்டும்.

மூன்றாவதன் அட்டைக் காகிதம் கையால் செய்ததா, அச்சடித்த நகலா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிடு. அச்சு என்றால் பொடிப் பொடியான புள்ளிகள் தெரியும். கையால் செய்யும் மார்பிள் காகிதம் எப்படி உருவாகிறது தெரியுமா? கடற்பாசிப் பசையோ மரப்பிசினோ கலந்து தண்ணீரைக் கெட்டியாக்கி, அதன் மேல் சாயத்தைத் துளித் துளியாகத் தெளிப்பார்கள். சாயம் மூழ்காமல் மிதக்கும். ஊசியாலும் சீப்பாலும் அதை இழுத்து அலையும் பூவுமாக்கி, தாளை மேலே படியவைத்து எடுத்தால் மொத்தக் கோலமும் தாளுக்கு வந்துவிடும். அடுத்த தாளுக்கு மறுபடி முதலிலிருந்து தெளிக்க வேண்டும். துருக்கியில் எப்ரு என்று இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானியர்களின் சுமிநாகாஷியில் வெறும் தண்ணீரில் மையை மிதக்கவிட்டு ஊதியும் விசிறியும் வளையம் வளையமாக்குவார்கள். எந்த முறையானாலும் ஒரு தாள் போல இன்னொரு தாள் வராது. அவள் கையில் இருப்பது போல் வேறு யாரிடமும் இருக்காது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அட்டை அவ்வளவுதான். இனி நோட்டைத் திறந்து பார், முடிவு செய்ய வேண்டியது உள்ளேதான் இருக்கிறது.

வீடு மாறும்போது பழைய பெட்டிகளைப் பிரித்தோம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதில் பல வருடத்து நோட்டுகள் கிடைத்தன. சிலது புதிதுபோல் இருக்கின்றன. சிலது ஓரமெல்லாம் பழுப்பேறி, மடித்த இடத்தில் உடைகின்றன. எல்லாம் ஒரே பெட்டியில் கிடந்தவைதான். காரணம் காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்துதான் காகிதம் செய்தார்கள். பிறகு மரக்கூழ் வந்தது. மரத்தில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். செய்தித்தாளை வெயிலில் வைத்தால் சீக்கிரமே நிறம் மாறுவது அதனால்தான். மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரமும் ரோசின் என்ற பைன் மரப்பிசினும் சேர்த்தார்கள், அந்தப் படிகாரம் அமிலத்தன்மையை உண்டாக்கி நாரை உள்ளிருந்தே அரித்தது. 500 வருடத்துப் பழைய கந்தல் காகிதப் புத்தகத்தை இன்றும் புரட்ட முடிகிறது, போன நூற்றாண்டின் மலிவுப் பதிப்பு விரல் பட்டாலே நொறுங்குகிறது.

அதனால் நோட்டின் பின்பக்கத்தில் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா என்று பார். ஐஎஸ்ஓ 9706 என்றோ, ஒரு வட்டத்துக்குள் படுத்த எட்டு மாதிரி முடிவிலிக் குறியோ இருந்தால் இன்னும் நல்லது, நீண்ட காலம் நிற்கும் காகிதத்துக்கான தர அடையாளம் அது. பருத்தி நாரில் செய்த தாள் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். கனமும் முக்கியம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்பார்கள். நகலெடுக்கும் சாதாரணத் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம்தான், மைப்பேனாவில் எழுதுகிறவளுக்கு 90, 100 ஜிஎஸ்எம் இருந்தால் நிம்மதி. கடையில் எழுதிப் பார்க்க விடமாட்டார்கள். ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்னால் உன் விரலை வை. விரல் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ, எழுத்தும் மறுபக்கம் அவ்வளவு தெரியும். பூவிதழ் பதித்த கைக்காகித நோட்டும் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். தொட்டுப் பார்க்க இதமாக இருக்கும், ஆனால் பேனா முள் நாரில் சிக்கும், சில தாளில் மை கசிந்து பரவும். அதை வாழ்த்து அட்டைக்கு வைத்துக்கொள்.

பைண்டிங் தைத்ததாக இருக்கட்டும். நோட்டை மூடி, முதுகை மேலிருந்து பார்த்தால் மடித்த தாள்கள் கட்டுக் கட்டாகத் தெரிய வேண்டும். அச்சகத்தில் அதை ஃபாரம் என்பார்கள். ஒவ்வொரு கட்டின் நடுவிலும் நூல் தெரிய வேண்டும். வெறும் பசை போட்டு ஒட்டியது படிய விரியாது, அழுத்தி விரித்தால் நாளடைவில் தாள் கழன்று வரும்.

கோடு விஷயத்தில் ஒன்றைக் கவனி. அவள் தமிழில் எழுதுகிறவள். கோடு நெருக்கமாக இருந்தால் சு, பு, வு எல்லாம் கீழே இறங்கி, அடுத்த வரியில் இருக்கும் கீ, தீ ஆகியவற்றின் கொக்கியில் முட்டும். 8 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். கோடே இல்லாத நோட்டு என்றால் இன்னும் சந்தோஷம், படமும் போட்டுக்கொள்வாள்.

அளவுக்கு ஏ6 போதும், 105க்கு 148 மில்லிமீட்டர், கைப்பையின் பக்க அறையில் நிற்கும். இவ்வளவு சின்னதா என்று யோசிக்காதே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் டார்வினின் இரண்டு குறிப்பேடுகள் காணாமல் போய், இருபது வருடத்துக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று எப்போதோ பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? 2022 மார்ச்சில் யாரோ ஒருவர் அவற்றை இளஞ்சிவப்புப் பரிசுப் பையில் போட்டு, நூலகரின் அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அஞ்சலட்டை அளவுதான் இருக்கும் அந்த ஏடுகள். அதில் ஒன்றில்தான் 1837இல் உயிரினங்களின் கிளை மரத்தை அவர் முதன்முதலில் கிறுக்கிப் பார்த்தார். கோணல் மாணலாக நாலு கோடு, மேலே ‘நான் நினைக்கிறேன்’ என்று இரண்டே சொல். மணி பதித்த நோட்டில் யாருக்கும் அப்படிக் கிறுக்கத் துணிச்சல் வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அலங்கார நோட்டில் எனக்கு இருக்கும் பெரிய கவலையே அதுதான். அழகாக இருக்கிறதே, கெட்டுப்போய்விடுமே என்று வெறுமனே வைத்துவிடுவார்கள். எத்தனையோ வீடுகளில் அப்படிப்பட்ட நோட்டுகள் உறை பிரிக்காமலே கிடக்கின்றன. அதனால் வெறும் நோட்டாகக் கொடுக்காதே. நீயே முதலில் அதில் எழுது.

முதல் பக்கத்தில் எழுதாதே, அது அவளுடையது. அட்டையை அடுத்த வெற்றுத் தாளில் தேதியும் அவள் பெயரும் ‘அத்தை’ என்ற கையொப்பமும் போதும். அப்புறம் நோட்டின் நடுவில், பின்னால், இங்கொன்று அங்கொன்றாக நாலைந்து பக்கங்களில் வீட்டில் இருக்கிறவர்களை ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல். எழுதிக்கொண்டே போகும்போது எதிர்பாராத ஒரு நாளில் அவளுக்கு அது எதிர்ப்படட்டும். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் இப்படிச் சின்ன ஏடுகளைக் கையோடு வைத்துக்கொண்டு, ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் வரி வாங்குவார்கள். நண்பர் ஏடு என்று சொல்லலாம். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இன்றும் அவற்றைப் பாதுகாக்கின்றன. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேரை இப்போது யாருக்கும் தெரியாது, ஆனாலும் ஒவ்வொருவர் கையும் தனித்தனியாகத் தெரிகிறது.

உன் அம்மாவை மறந்துவிடாதே. அவர்களுடைய கையெழுத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், அந்த உருண்டை உருண்டையான எழுத்து. கை நடுங்குகிறது என்று தயங்குவார்கள். நடுங்கினாலும் பரவாயில்லை என்று சொல். புத்திமதியெல்லாம் வேண்டாம், பேத்தி குழந்தையாக இருந்தபோது செய்த ஏதாவது ஒன்றை எழுதினால் போதும். அந்தப் பக்கத்துக்காகவே அவள் நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வாள்.

எழுதும் பேனாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண மைப்பேனா மையில் பெரும்பாலும் இருப்பது சாயம், தண்ணீர் பட்டால் கரையும், வெளிச்சத்தில் வெளிறும். என் பழைய நோட்டுகளில் சில பக்கங்களில் எழுத்து இருந்த தடம் மட்டும்தான் மிச்சம். தண்ணீரில் கரையாத நிறமி மை போட்ட கறுப்புப் பேனா வாங்கு, அல்லது ஆவணங்களுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் பால்பாயிண்ட். மினுமினுக்கும் ஜெல் பேனா வேண்டாம். அம்மாவுக்குப் பென்சில்தான் வசதி என்றால் தாராளமாகக் கொடு, பென்சில் கரி வெளிறாது, உரசாமல் பார்த்துக்கொண்டால் மட்டும் போதும். எழுதிய பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு மூடு. அந்தப் பேனாவையும் சேர்த்தே பரிசில் வை.

அவள் எப்போது கிளம்புகிறாள் என்று நீ எழுதவில்லை. எல்லோரிடமும் வரி வாங்க நாள் பிடிக்கும், இப்போதே ஆரம்பித்துவிடு. எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்க முடியுமானால் சொல், ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்புகிறேன், நீ ஒட்டிவிடலாம். குழந்தையாக உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் அவள் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அம்மா என்ன எழுதினார்கள் என்று மட்டும் மறக்காமல் எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழி