பக்கத்து விண்மீன் கொடுத்த பேரியம்

அன்புள்ள ராகவா,

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு லேசானது. இனி இரவில் அண்ணாந்து பார்க்கத் தடையில்லை என்றால் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

மகர விண்மீன் குழுவில் சீட்டா என்று ஒரு மஞ்சள் விண்மீன் இருக்கிறது. பிரகாச எண் சுமார் 3.7 (எண் கூடக் கூட ஒளி மங்கல்). தெருவிளக்கு உள்ள இடத்தில் வெறும் கண்ணுக்கு அகப்படாது. இரண்டு மாதமாக எனக்கு இதே நினைப்புதான்.

ஆய்வகத்தில் சோடியத்தின் இரட்டைக் கோட்டை முதல்முறை பார்த்துவிட்டு நீ பேசாமல் நின்றாயே, அதை நினைத்துக்கொள். இந்த விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் பேரியம் என்ற கன உலோகத்தின் கோடுகள் அளவுக்கு மீறிக் கருமையாக விழுகின்றன. 1951இல் வானியலாளர்கள் பைடல்மேனும் கீனனும் இப்படிப்பட்டவற்றைத் தனி வகையாகப் பிரித்து 'பேரிய விண்மீன்கள்' என்றார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பேரியம் உண்டாக வேண்டுமானால், முதுமையின் கடைசிக் கட்டத்தில் ஊதிப் பெருத்துச் சிவந்த செம்பூத விண்மீனின் வயிற்றில், இரும்பின் அணுக்கரு ஒவ்வொரு நியூட்ரானாக நிதானமாகப் பிடித்துக் கனத்துக்கொண்டே போக வேண்டும். பேரிய விண்மீன்கள் அந்தக் கட்டத்தை இன்னும் எட்டவில்லை. அப்படியானால் சரக்கு எங்கிருந்து வந்தது?

1980இல் மெக்லூரும் அவருடைய சகாக்களும் பேரிய விண்மீன்களின் வேகத்தை அளந்து, அவை தனியாக இல்லை, ஏதோ ஒரு துணையோடு சுற்றுகின்றன என்று காட்டினார்கள். சீட்டாவுக்கு ஒரு சுற்று சுமார் ஆறரை ஆண்டு. அதே ஆண்டு பேம்-விட்டென்ஸ் என்ற அம்மையார் செயற்கைக்கோள் எடுத்த புற ஊதா நிறமாலையில் அந்தத் துணையையே பிடித்துவிட்டார். அது ஒரு வெண்குள்ளன், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம். சூடு அதிகம் என்பதால் புற ஊதாவில் மட்டும் தலைகாட்டுகிறது. மற்றபடி பெரியவரின் வெளிச்சத்தில் கரைந்துபோகிறது.

ஒரு காலத்தில் அந்தக் குள்ளன்தான் இருவரில் பெரியது. முதலில் முதுமை கண்டு, பேரியத்தைச் சமைத்து, மேலுடம்பைக் காற்றாக ஊதித் தள்ளியது. அதில் ஒரு பங்கு பக்கத்து விண்மீனின் மேல் படிந்தது. கொடுத்தது ஒடுங்கிவிட்டது, வாங்கியது இன்னும் அதைச் சுமக்கிறது.

என்னைத் தூங்கவிடாத சங்கதி இன்னொன்று. பேரியம் உண்டாகும் அதே அடுப்பில் டெக்னீசியம் என்ற தனிமமும் உண்டாகும். 1952இல் மெரில் அதைச் சில செம்பூதங்களில் கண்டுபிடித்தார். அதற்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது, அதன் எல்லா வகை அணுவும் நாளடைவில் சிதைந்துவிடும். அங்கே உண்டாகிற வகையின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 2 லட்சம் ஆண்டுதான். பேரிய விண்மீன்களில் டெக்னீசியக் கோடு இல்லை. அப்படியென்றால் கைமாறி வெகுகாலம் ஆகிவிட்டது. பேரியம் தங்கியது, டெக்னீசியம் சிதைந்து போய்விட்டது. இல்லாத ஒரு கோட்டை வைத்துக் காலத்தைச் சொல்ல முடிகிறதே ராகவா! நாம் படித்த நாளில் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் இந்தத் துறையை விட்டிருக்கவே மாட்டேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். செப்டம்பரில் அமாவாசையை ஒட்டி, முன்னிரவில் மகரத்தின் டெல்டா என்ற விண்மீனைப் பிடித்துக்கொள். அங்கிருந்து தென்மேற்கே, கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் சீட்டா இருக்கும். பைனாகுலரில் எனக்கு வெளிறிய மஞ்சளாகத் தெரிந்தது. புரை நீங்கிய உன் கண்ணுக்கு என்ன நிறமாகப் படுகிறது என்று எழுது.

அன்புடன்,
சேகர்