நம் ஊர், கவுண்டி, மாநிலம், நாடு: பிள்ளைகளுக்கான சந்திப்பு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் 50 மாநிலங்களையும் தலைநகரங்களோடு ஒப்பிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தாங்கள் வசிக்கும் கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பெயர் தெரியவில்லை என்பது சென்ற முறை கூடியபோது தெரிந்தது. ஆகவே, வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலகக் கூடத்தில் இதற்கென்றே கூடுகிறோம்.

1. சொத்துவரி ரசீதின் நகலைப் பெயரையும் முகவரியையும் மறைத்து எடுத்து வாருங்கள். கவுண்டிக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு, பள்ளி மாவட்டத்துக்கு இவ்வளவு என்று பெரும்பாலான ரசீதுகளில் தொகை பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்; அதைப் பிள்ளைகள் விரல் வைத்துப் படித்தாலே, எந்த அரசு எதைச் செய்கிறது என்ற கேள்வி தானாக எழும். வாடகை வீட்டில் இருப்போருக்கு மாதிரி நகல் தருகிறோம்.

2. கவுண்டியின் தலைமையிடம் எந்த ஊர் என்பதைப் பிள்ளைகளே கண்டறிந்து வரட்டும். லூசியானாவில் கவுண்டிக்கு ‘பாரிஷ்’ என்றும் அலாஸ்காவில் ‘பரோ’ என்றும் பெயர்.

3. 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்பில் கவுண்டிகளைப் பற்றிய பேச்சே இல்லை. அவை மாநிலச் சட்டத்தால் உருவானவை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மத்திய அரசுக்குத் தரப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று கூறும், 1791இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தத்தைப் படித்துவிட்டு வருவது மிகவும் நல்லது.

4. வருவோர் எண்ணிக்கையையும் பிள்ளைகளின் வகுப்பையும் வியாழக்கிழமை இரவுக்குள் இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.