அப்பா கட்டில் பத்தி ஒரு விஷயம்

அடியே வாத்தியாரம்மா,

ஆறு மாசமா ஒரு வரி எழுதல, திட்டணும்னா முதல்லயே திட்டி முடிச்சுட்டு அப்புறம் படி. இங்க எல்லாரும் சௌக்கியம், இவருக்கு முதுகு வலி தேவலை, மாமியார் வழக்கம்போல. உன் பையன் பரீட்சை எப்படி எழுதினான்னு கடைசில கேக்கறேன், இப்ப கேட்டா அந்த சாக்குல விஷயத்த சொல்லாம தள்ளிப் போட்டுருவேன்.

விஷயம் அப்பா செஞ்ச குழந்தைக் கட்டில் பத்தி.

நீ அதை அனுப்பினப்ப நான் குதிச்ச குதி உனக்கே தெரியும். அப்பா கையால இழைச்சது, நீ உருண்டது, அப்புறம் உன் தம்பி மூணு வருஷம் ஆண்டது, நாப்பது வருஷம் ஆகியும் அந்த மஞ்சள் பெயிண்ட் என்னமா மின்னுது! என் பொண்ணு வாலுவுக்குப் பல்லு முளைக்கற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் காலைல பாத்தா மேல் சட்டத்தப் பிடிச்சுகிட்டு நின்னு எலி மாதிரி கரண்டிகிட்டு இருக்கா. உதட்டுல கடுகு அளவு மஞ்சள் செதில் ஒண்ணு. சட்டத்துல வரிசையா நாலு பல் தடம், மஞ்சளுக்கு அடியில பச்சை, பச்சைக்கு அடியில காவி, அதுக்கும் அடியிலதான் மரம்.

இவர் உடனே சாண்டிங் மெஷினத் தூக்கிட்டு வந்துட்டார், மொத்தமா தேச்சு எடுத்துட்டு புதுசா அடிச்சா முடிஞ்சுதுன்னு. அதுவும் ஹால்லயே! ரெண்டு நிமிஷம் ஓடியிருக்கும், பக்கத்து வீட்டுப் பெரியவர், பெயிண்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், சத்தம் கேட்டு எட்டிப் பாத்து "சார் நிறுத்துங்க"ன்னு போட்டாரு பாரு ஒரு சத்தம். பழைய எனாமல்ல காரீயம், அதான் லெட், இருக்கும், செதிலக் கூட பொறுக்கிடலாம், தூளாக்கிட்டா வீடு பூரா பரவிடும், தரைல தவழற குழந்தை கைய வாயில வைக்கறப்பல்லாம் உள்ள போகும்னார். துடைப்பம் போடக்கூடாதாம், அது தூசியக் கிளப்பி விடும். நானும் இவரும் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஈரத்துணியால தரை, ஜன்னல் விளிம்பு, பொம்மைன்னு ஒண்ணு விடாம துடைச்சோம், துடைச்ச துணியெல்லாம் கட்டி எறிஞ்சோம்.

கடையில குச்சி மாதிரி ஒரு டெஸ்ட் கிட் விக்கறாங்க, தேச்சா கலர் மாறும்னு. அது சில சமயம் தப்பாக் காட்டும், அடி கோட்டுல இருக்கறதும் தெரியாதுன்னு நான் நம்பல. செதில லேபுக்கே அனுப்பிட்டேன். இப்ப நிறைய நாட்டுல 90 பிபிஎம்தான் லிமிட், அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்கு. நம்ம கட்டிலுக்கு நாலாயிரத்துச் சொச்சம்.

உன் தம்பிக்கு ஏன் அல்ஜீப்ரா வரலன்னு இப்பதான் புரியுதுன்னு எழுதிட்டு, அடிச்சுடலாமான்னு பத்து நிமிஷம் யோசிச்சேன். இருக்கட்டும், அவன்கிட்ட மட்டும் காட்டாத.

ஆனா அந்த வாரம் எனக்கு சிரிப்பே வரலடி. பெரியவங்கள விட சின்னக் குழந்தை உடம்பு நாலஞ்சு மடங்கு அதிகமா லெட்ட உறிஞ்சுமாம், இவ்வளவு வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ரத்தம் எடுத்தப்ப அவ கத்தினது இன்னும் காதுல இருக்கு. ரிசல்ட் வந்துடுச்சு, ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு 1.8 மைக்ரோகிராம் லெட். அமெரிக்காவுல அது 3.5 இல்ல அதுக்கு மேல இருந்தாதான் கூடுதலா கவனிக்கணும்னு வச்சிருக்காங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பாத்துக்கலாம்னாங்க டாக்டர். வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன்.

இதுல என்னை உறுத்தறது என்ன தெரியுமா, அப்பா ஒண்ணும் மட்டமான பெயிண்ட் வாங்கல. நல்லா உழைக்கணும்னு பாத்துப் பாத்து வாங்கியிருப்பார். சீக்கிரம் காயவும், தண்ணி பட்டா தாங்கவும், மஞ்சளும் சிவப்பும் பளிச்னு நிக்கவும்தானே அதுல லெட்டையே சேத்தாங்க.

இப்ப பெயிண்ட் அடிக்காத புதுக் கட்டில் ஒண்ணு வாங்கி நானே அடிச்சேன், சிரிக்காத. டப்பா மேல "நான்-டாக்ஸிக்"னு எழுதினத நம்பிடாதடி, அது யார் வேணா எழுதலாம். பொம்மைக்கான ஈஎன் 71-3 பாஸ் ஆயிருக்கான்னு கேளு, முழுங்கினா வயித்து அமிலத்துல என்னென்ன எவ்வளவு கரையும்னு பாக்கற டெஸ்ட் அது. வாட்டர் பேஸ்டு அக்ரிலிக், மரத்துக்குன்னே வர்றது. சுவத்துக்கு அடிக்கற எமல்ஷன் மெத்துனு இருக்கும், சீக்கிரம் உரிஞ்சுடும். வெளிப்பக்கம் அடிக்கற பெயிண்ட்ல பூஞ்சை மருந்து கலந்திருப்பாங்க, கிட்டயே சேக்காத. 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, பிரைமர், லேசா மூணு கோட்டு. முதல் கோட்டு காஞ்சதும் மரத்து நாரெல்லாம் தாடி மாதிரி சிலுத்துகிட்டு நிக்கும், பயந்துடாத, இன்னொரு தரம் மெதுவா தேச்சா அடங்கிடும்.

ஒரு மணி நேரத்துல காஞ்சுடும்னு டப்பால போட்டிருக்கும், அது கைல ஒட்டாத அளவுக்குக் காயறதுதான், உள்ள இறுகிக் கெட்டியாக மூணு நாலு வாரம் ஆகும். இதை மாமியார்கிட்ட யார் சொல்றது! மூணாம் நாளே மெத்தை போட்டு பெட்ஷீட் விரிச்சு மூலைய இழுத்துச் சொருகிட்டாங்க. பிரிச்சா நெசவோட அச்சு பெயிண்ட்ல, பெயிண்ட் பெட்ஷீட்ல. அந்த மூலைய அப்படியே விட்டுட்டேன், கேக்கறவங்களுக்கு டிசைன்னு சொல்றேன்.

மேல் சட்டத்துக்கு மட்டும் பெயிண்டே அடிக்கல. நல்லா வழுவழுன்னு தேச்சு வெறும் மரமா விட்டுட்டேன். பெரியவர் அதுக்கும் ஒரு கோட்டு போடுங்கம்மான்னார், நான் கேக்கல. எந்த பெயிண்ட்டும் வாலு பல்லுக்கு ஒரு மாசம் தாங்காது.

அப்பா கட்டில கெட்டி பிளாஸ்டிக்ல சுத்தி டேப் ஒட்டி பரண்ல வச்சிருக்கேன். எரிக்கவும் கூடாது, புகைல லெட் வரும். மேல புது பெயிண்ட் அடிச்சு மூடிடலாமேன்னு நீ கேப்ப, கடிக்கற குழந்தை இருக்கற வீட்டுல அது எத்தனை நாளைக்கு? முறையா பெயிண்ட் உரிக்கறவங்ககிட்ட குடுத்தா மரம் பத்திரமாத் திரும்பி வரும்ங்கறாங்க. அப்பவும் குழந்தையப் படுக்க வைக்க முடியாது, கம்பிக்கு நடுவுல கூல்டிரிங்க் டின் தாராளமா நுழையுது, அவ்வளவு இடைவெளி ஆகாது. புத்தக அலமாரியா மாத்தலாமான்னு ஒரு யோசனை.

அப்பா ஒவ்வொரு தரம் போன்லயும் "கட்டில் ஆடாம நிக்குதாம்மா"ன்னு கேக்கறார், நானும் நிக்குதுப்பான்னு சொல்லிட்டே இருக்கேன், பரண்ல ஆடாமத்தானே நிக்குது. அடுத்த மாசம் வாலுவப் பாக்க வர்றாராமே. அவர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லணுமா? அதுக்கு முன்னாடி பதில் போடு. பையன் பரீட்சை எப்படி?

உன்,
வாளிக்காரி