ஐந்து நிற அட்டைகளுக்கு உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

காதல் வாழ்வை ஐந்து நிலங்களில் வைத்துச் சொல்லும் அகப்பொருள் இலக்கணத்தைப் பத்தாம் வகுப்பில் குழுக்களாகக் கற்க உதவிய எல்லோருக்கும் எங்கள் நன்றி. எந்த உதவி எதற்குப் பயன்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முதல் நன்றி ஜெராக்ஸ் கடைக்காரருக்கு. ஐந்து நிறத்தாளில் நிறத்துக்கு ஆறேழு பிரதி, குறைந்த விலைக்கு எடுத்துத் தந்தார். நிறம் அழகுக்காக இல்லை. நிறத்துக்கு ஒரு திணை: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. அட்டையின் பின்பக்கம் குழு எண். “ஒரே நிறத்தார் சேருங்கள்” என்றால் குறிஞ்சி கற்பவர்கள் ஓரிடம், முல்லை கற்பவர்கள் ஓரிடம். “எண்ணுக்குத் திரும்புங்கள்” என்றால் ஆளுக்கொரு திணை தெரிந்த ஐவர் ஒரு குழு. பெயர் கூப்பிட்டு இடம் மாற்றினால் அதற்கே பத்து நிமிடம் போய்விடும்.

1971இல் டெக்சஸின் ஆஸ்டினில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் தொடங்கிய ‘ஜிக்சா’ முறை இது. ஒருவர் கையில் இருப்பது இன்னொருவரிடம் இருக்காது, அதனால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டே ஆகவேண்டும். ஒரே பாடத்தை எல்லோர் கையிலும் கொடுத்து வட்டமாக உட்கார வைத்தால், நன்றாகப் படிப்பவர் எழுதுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

தன் பாடவேளையை விட்டுக்கொடுத்த கணித ஆசிரியைக்கு இரட்டை நன்றி. ஒரே நிறத்தார் பேச 15 நிமிடம், குழுவுக்குத் திரும்பி அவரவர் திணையை மற்றவர்களுக்குச் சொல்லத் திணைக்கு 4 நிமிடமாக 20, தேர்வுக்கு 10. ஒரு பாடவேளை அதிலேயே தீர்ந்துவிடும், இடம் மாற நேரமே இருக்காது. மறுநாளுக்குத் தள்ளினால் யாராவது வரமாட்டார்கள், அந்தக் குழுவுக்கு ஒரு திணை இல்லாமல் போகும். வகுப்பில் 32 பேர் என்பதால் நான்கு குழுக்களில் ஐவர், இரண்டில் அறுவர். கூடுதலாக இருக்கும் அந்த இருவர்தான் ஆள் குறையும் குழுவுக்குக் கைகொடுப்பவர்கள்.

ஒரே நிறத்தில் ஆறேழு பேர் சேர்ந்து பேசினால் இருவர் சும்மா இருப்பார்கள். மூன்று மூன்று பேராகப் பிரித்தால் எல்லோரும் வாய் திறப்பார்கள். அங்கிருந்து எழும் முன் அட்டையைக் கவிழ்த்துவிட்டு யாராவது ஒருவரிடம் கேள்வி. அதைத் தவிர்த்தால் வரும் வினை பெரிது. மருதத்தின் வைகறையையும் நெய்தலின் எற்பாடு என்னும் பிற்பகலையும் ஒருவர் மாற்றிச் சொன்னால் குழுவே மாற்றி எழுதும்.

பாலை மட்டும் தனிக்கதை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்து வருவது பாலை என்பதால், அவை இரண்டையும் கேட்காமல் அதைச் சொல்ல முடியாது. அதனால் குழுவில் அதற்குக் கடைசி முறை. ஒன்றைச் சார்ந்து இன்னொன்று வரும் பாடத்துக்கு இந்த முறையே தோதுப்படாது. கணக்கின் படிகளை இப்படிப் பங்கு போடக் கூடாது.

“அடுத்த பிள்ளையால் என் பிள்ளைக்கு ஏன் மதிப்பெண் குறைய வேண்டும்?” என்று கேட்ட பெற்றோர்களுக்கும் நன்றி. நியாயமான கேள்வி. தேர்வு தனித்தனியாகத்தான், பதிவேட்டில் ஏறுவதும் அவரவர் மதிப்பெண்ணே. குழுவுக்குப் பலகையில் மட்டும் முன்னேற்றப் புள்ளி உண்டு. கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் வகுத்த கணக்கு அது. தன் பழைய சராசரியைவிடப் பத்துக்கு மேல் கூடினால் 30, அதே அளவு அல்லது பத்து வரை கூடினால் 20, பத்து வரை குறைந்தால் 10, அதற்கும் கீழே போனால் சுழியம். முழு மதிப்பெண் வாங்கினாலும் 30. முப்பதிலிருந்து நாற்பத்தைந்துக்கு வந்த பிள்ளை அன்றைக்குக் குழுவின் நாயகன்.

ஆறு குழுக்களின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வகுப்பாருக்கு எங்கள் வணக்கம். முழங்கால் முட்ட நெருங்கி உட்கார்ந்தால் குரல் தானே தணியும், தள்ளி உட்கார்ந்தால் கத்தத்தான் வேண்டும். பெஞ்சில் அது நடக்காது. அதற்காகவே ஆறு ஜமுக்காளங்களை வாடகை வாங்காமல் கொடுத்த பந்தல் கடை அண்ணனுக்கு நன்றி. ஐந்தைத் துவைத்துக் கொடுத்துவிட்டோம். நெய்தல் அணி மை கொட்டிய ஆறாவது இன்னும் காய்கிறது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர்கள்