இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் வாங்க விடாதீர்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், பிளேஸ்மெண்ட் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) உள்ள சிறிய மென்பொருள் நிறுவனங்களில், அதாவது ஸ்டார்ட்அப்களில், பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்கள் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதும், சேர்ந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழக்குவதும் என் பொறுப்பு. யார் வளர்கிறார்கள், யார் தேங்கிவிடுகிறார்கள் என்பதைக் கிட்ட இருந்து பார்க்கிறேன். வளர்கிறவர்களிடம் நான் காணும் பழக்கங்கள் எல்லாம் கல்லூரியின் நான்கு ஆண்டுகளிலேயே வரக்கூடியவை. இன்று அவை வேலைக்கு வந்த பிறகுதான் வருகின்றன. பலருக்கு வராமலே போகின்றன. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

கேள்வி கேட்பதிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தவர் கைக்கு முதல் வாரமே உண்மையான வேலை வந்துவிடும். பெரிய ஐடி நிறுவனங்களில் இருப்பதுபோல மாதக்கணக்கில் பயிற்சி கிடையாது. வந்த வேலையில் பாதி புரியாது. யாருக்கும்தான் புரியாது. ஆனால் நம் பிள்ளைகள் அதை வெளியே சொல்வதில்லை. காலையில் குழு கூடிப் பேசும் ஸ்டாண்டப்பில் கேட்டால் “போயிட்டிருக்கு சார், முடிஞ்சிடும்” என்பார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், டேட்டாபேஸுக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்பார் அந்தப் பையன். கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. எட்டுப் பேர் உள்ள குழுவில் ஒருவருடைய மூன்று நாள் வீணானால் அந்த வார ரிலீஸே தள்ளிப்போகும்.

அவர் சோம்பேறி என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். இரவெல்லாம் கண்விழித்து முட்டிமோதியிருப்பார். வகுப்பில் டவுட் கேட்டபோது “இவ்வளவு நேரம் எங்கே பார்த்துட்டிருந்தே?” என்று எழுப்பி நிறுத்தப்பட்டதும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் “தெரியாது” என்று சொல்லி மதிப்பெண் இழந்ததும் அவருக்குள் அப்படியே இருக்கின்றன. வேலையில் வேகமாக வளர்கிறவர் கேட்கும் விதமே வேறு: இதைச் செய்யப் பார்த்தேன், இந்தப் பிழை வந்தது, இன்னின்னதைச் சோதித்தேன், இந்த இடத்தில் நிற்கிறேன். நான்கே வரிதான். இதைப் பழகிய பெண் ஒருத்தி, நிரல் எழுதுவதில் தன்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களை இரண்டே ஆண்டில் தாண்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

இதை உங்கள் ஆய்வகங்களிலேயே பழக்கலாம். ரெக்கார்ட் நோட்டில் முந்தைய பேட்ச்சின் அவுட்புட்டை வரி மாறாமல் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்குப் பதில், எங்கே தவறு வந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் கொடுங்கள். சரியான விடைக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள்.

இதில் ஒரு தனிக் கவலையும் எனக்கு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு இடஒதுக்கீடு 2021-ல் பொறியியல் படிப்புக்கும் வந்தது. அந்த முதல் அணியினர் 2025-ல் படிப்பை முடித்து வந்திருக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள் பலர். இவர்களுடைய மௌனத்துக்கு ஆங்கிலமும் ஒரு காரணம். எங்கள் அலுவலகங்களில் நடக்கும் தொழில்நுட்பப் பேச்சில் பெரும்பகுதி தமிழில்தான் நடக்கிறது. எழுத்து மட்டும் ஆங்கிலத்தில் வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருப்பார். ஆகவே வகுப்பில் தமிழில் கேள்வி கேட்க விடுங்கள். எழுதுவதற்குச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களைப் பழக்குங்கள். மேடைப் பேச்சுப் பயிற்சியைவிட, ஒரு பக் (நிரல் பிழை) எப்படி வந்தது என்பதை அடுத்தவருக்குப் புரியும்படி ஆறு வரியில் எழுதுவது எங்களுக்குப் பெரிய தகுதி.

இனி புராஜெக்ட். இந்த மடலில் என் மனம் மிகவும் அடித்துக்கொள்ளும் இடம் இதுதான். பொறியாளர்களின் உலக அமைப்பான ஐட்ரிபிள்ஈ-யின் (IEEE) பெயரை வைத்து ‘ஐட்ரிபிள்ஈ புராஜெக்ட்’ என்று பலகை மாட்டிய சென்டர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பணம் கட்டினால் நிரல், ரிப்போர்ட், வைவாவில் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். அந்தப் புராஜெக்டின் பெயரை ரெஸ்யூமேயில் பார்த்து, “இந்த டேட்டாபேஸை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டால் பதில் வருவதில்லை. தலை குனிந்துவிடுகிறது. நான்கு ஆண்டுகளில் தன் கையால் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பை அந்தப் பிள்ளை இழந்திருக்கிறது.

ஸ்டார்ட்அப்பில் நிரல் எழுதி முடித்தவுடன் வேலை முடிவதில்லை. கோட் ரிவ்யூவில் இன்னொருவர் குறை சொல்வார், திருத்த வேண்டும். டெப்ளாய் செய்துவிட்டு, அதாவது பயன்பாட்டுக்கு விட்டுவிட்டு, அது ஓடும் விதத்தைப் பதிவுசெய்யும் லாகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் நாம் நினைக்காத ஒரு பட்டனை அழுத்திவிட்டு டிக்கெட் (புகார்) போடுவார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பாதியில்தான் மனிதர் வளர்கிறார். 2010-ல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய, வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் மென்பொருளைச் செய்யும் ஃபிரெஷ்டெஸ்க்கின் கதையே ஒரு வாடிக்கையாளரின் மனக்குறையிலிருந்து வந்தது. அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தபோது உடைந்து வந்த டிவிக்கு இழப்பீடு வாங்க அவர் பட்ட பாடுதான் அந்த எண்ணத்துக்கு ஒரு வித்து.

ஐஐடி மெட்ராஸில் 2017-ல் தொடங்கிய அக்னிகுல் ராக்கெட் நிறுவனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏவுவதற்கு நாள் குறித்து, தொழில்நுட்பக் கோளாறுகளால் நிறுத்தி, மறுபடி சரிசெய்து, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தங்கள் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டார்கள். அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஐஐடியில் பாடம் நடத்தும் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தி. ஐஐடியின் ஆய்வக வசதி மாவட்டக் கல்லூரிக்கு வராது என்பது தெரியும். மாணவரின் வேலை முடியும்வரை கூடவே நிற்கும் ஆசிரியர் எந்தக் கல்லூரியிலும் இருக்கலாம்.

புராஜெக்ட் பெரிதாக இருக்க வேண்டாம். கல்லூரிப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் ஒரு பக்கம், ஹாஸ்டல் மெஸ் பில் கணக்கு, பக்கத்து ஊர் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேடு, எதுவானாலும் சரி. வகுப்புக்கு வெளியே இருபது பேராவது மூன்று மாதம் அதைப் பயன்படுத்த வேண்டும். அவர்கள் சொன்ன குறைகள் என்ன, மாணவர் அதற்கு என்ன செய்தார் என்ற பட்டியலைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். அப்படி ஒரு பட்டியலை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. மாணவர்களின் திறன் வளர்க்கும் அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-ல் தொடங்கியது. அதன்கீழ் நடக்கும் மாணவர் புராஜெக்ட் போட்டியான நிரல் திருவிழாவும் இதற்கு உதவும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுங்கள், ஒரு மணி நேரம் போதும். மேலே சொன்ன ஃபிரெஷ்டெஸ்க், ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்களானதாகச் செய்தி வந்தது. அதே நிறுவனம் 2024 நவம்பரில் ஏறக்குறைய 660 பேரைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இசாப் என்று தரப்படும் பங்குரிமை பொதுவாக நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கைக்கு வரும், முதல் ஆண்டு முடியும்முன் விலகினால் ஒன்றும் கிடைக்காது, அதைப் பங்காக மாற்றும்போதே வருமான வரி உண்டு. ஆஃபர் கடிதத்தில் உள்ள சிடிசியில் (நிறுவனம் ஓராண்டில் ஓர் ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவில்) மாதாமாதம் வங்கிக்கு வருவது எவ்வளவு என்று கணக்குப் போடக்கூடத் தெரியாமல் கையெழுத்திடுகிறார்கள்.

ஸ்டார்ட்அப் எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். கல்விக்கடனும் தங்கை படிப்பும் தலைமேல் இருக்கும் பிள்ளைக்குப் பெரிய நிறுவனத்தின் நிலையான சம்பளம்தான் சரி, அதில் குறைவு ஒன்றுமில்லை. இரவு பதினொரு மணிவரை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதுதான் முன்னேற்றம் என்று யாராவது உங்கள் மேடையில் வந்து பேசினால், அவரை மறுபடி அழைக்காதீர்கள். நான் பார்த்தவரை அப்படி உட்கார்ந்தவர்கள் களைத்துப்போய் வேலையை விட்டிருக்கிறார்கள். கேட்டு, எழுதி, முடித்துப் பழகியவர்கள் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

பிளேஸ்மெண்ட் அலுவலர்களிடம் மட்டும் இன்னொரு வேண்டுகோள். ஒரு ஆஃபர் கிடைத்துவிட்டால் அடுத்த நேர்காணலுக்கு உட்கார விடுவதில்லை என்ற விதி பல கல்லூரிகளில் இருக்கிறது. வேலை கிடைத்தோர் எண்ணிக்கை கூட வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு இருப்பது புரிகிறது. பெரிய நிறுவனங்கள் ஏழாவது செமஸ்டரிலேயே வந்து ஆளெடுத்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு எத்தனை பேர் தேவை என்று முன்கூட்டியே சொல்ல எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களால் முடியாது. எட்டாவது செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் கொடுத்து, பார்த்து, பிறகு எடுத்துக்கொள்வோம். நாங்கள் வரும்போது கதவு மூடியிருக்கிறது. ஒரு ஆஃபர் வைத்திருப்பவரும் கடைசி செமஸ்டரில் இன்னொரு இடத்தில் முயன்று பார்க்க அனுமதியுங்கள். இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் நாட்களை வருகைப்பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு வெளியிலிருந்து ஆள் வேண்டுமென்றால் கேளுங்கள். சனிக்கிழமைகளில் வரத் தயாராக இருப்பவர்கள் இந்தச் சாலையில் நிறையப் பேர் இருக்கிறோம். எங்களில் பலர் உங்கள் கல்லூரிகளில் படித்தவர்கள்தான். பயணச் செலவோ பொன்னாடையோ வேண்டாம். மாணவர்கள் செய்ததை அவர்களே ஓட்டிக் காட்ட ஒரு புரொஜெக்டரும், தடையில்லாமல் பேச அரைநாளும் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
ஓஎம்ஆரிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்