'இருந்தார்' அல்ல, 'இருக்கிறார்'

ஆசிரியருக்கு வணக்கம்.

கமலா ஹாரிஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், வாஷிங்டனில் கறுப்பினத்தவர் அதிகம் படிக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற மாணவியர் சங்கத்தில் இருந்தார்' என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த 'இருந்தார்'தான் உறுத்துகிறது. 1986-இல் சேர்ந்தவர் இன்றும் அதில்தான் இருக்கிறார்.

நான் பால்டிமோரில் நர்ஸ். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கறுப்பின அக்கா ஒருவர் 1973-இல் இதே சங்கத்தில் சேர்ந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "ஐந்தாம் நம்பர் வருகிறது" என்றார். பஸ்ஸையா சொல்கிறார் என்று விழித்தேன். வந்து நின்றதோ எழுபதை நெருங்கும் ஓர் அம்மாள்! 1973-இல் சங்கத்தில் ஒரே அணியாகச் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். உயர வரிசையில் நிற்கவைத்து எண் கொடுத்தார்களாம், குள்ளமானவருக்கு 1. இத்தனை வருடம் கழித்தும் அந்த எண்தான் கூப்பிடுகிற பெயர்.

இந்தச் சங்கம் 1908-இல் ஹோவர்டில் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர்கள் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா'வைத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளையர் சங்கங்களின் கதவு கறுப்பினத்தவருக்குத் திறக்காத காலம் அது. இப்படி வந்த ஒன்பது சங்கங்களைத்தான் 'தெய்வீக ஒன்பது' என்கிறார்கள். அவற்றில் ஐந்து ஹோவர்டிலேயே பிறந்தவை. படிப்பு முடிந்தபின் அந்தந்த ஊர்க் கிளையில் தொடர்வார்கள். வேலைக்குப் போனபின் சேர்கிறவர்களும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தவர். அவர் சுடப்பட்டது 1968-இல். வாஷிங்டனில் அவருக்கு ஒரு நினைவிடம் வேண்டுமென்று விடாமல் நின்றவர்கள் அந்தச் சங்கத்துச் சகோதரர்கள்தான். 2011-இல் அது திறக்கப்பட்டது. நான் பார்த்த வரையில், கல்லூரி நட்பு வேறெங்கும் இத்தனை நாள் வேலை செய்ததில்லை.

எல்லாம் நல்லதுதான் என்று சொல்ல வரவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களை அடித்து வதைக்கும் வழக்கம் உயிர்களைக் குடித்திருக்கிறது. பழைய சேர்க்கை முறையையே 1990-இல், அப்போது கூட்டமைப்பில் இருந்த எட்டுச் சங்கங்களும் கைவிட்டன. அப்புறமும் திருட்டுத்தனமாக நடப்பதாகச் செய்தி வரத்தான் செய்கிறது. அக்காவிடம் இதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அது பிடிப்பதில்லை.

சரி, நான் சொல்ல வந்தது அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பற்றி. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரத்துக்கு யார் எந்த நாள் வருவது என்ற அட்டவணை. திங்கள் 2, செவ்வாய் 6, புதன் 8, வியாழன் 1. ஒரு பெயர்கூட இல்லை. சமையல், மாத்திரை, பிசியோதெரபிக்குக் கார் எல்லாம் அன்றைய எண்ணின் பொறுப்பு. வெள்ளிக்கு எதிரே மட்டும் '4-இன் மகள்' என்று எழுதியிருந்தது.

நான்காம் நம்பர் இறந்து மூன்று வருடம் ஆகிறதாம். "வெள்ளிக்கிழமை அவளுடைய முறை, அதனால் மகள் வருகிறாள்" என்றார் அக்கா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பால்டிமோர், மேரிலாந்து