ஆண்டறிக்கை: பழைய கேலக்டிகாவும் புதிய கேலக்டிகாவும் மோதிக்கொண்ட வருடம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் செயலாளரின் வணக்கம். உட்கார இடம் கிடைக்காதவர்கள் ஓரமாக நின்று கேட்கவும், அறிக்கை கொஞ்சம் நீளம்தான்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில், வேறு எந்தத் தொடரையும் தொடாமல் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 1978இல் வந்த பழைய தொடரையும் 2003இல் ஆரம்பித்த ரீமேக்கையும் ஜோடி ஜோடியாகப் போட்டுப் பார்ப்பது, பார்த்த கையோடு பேசுவது என்று தீர்மானம் போட்டோம். கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இவ்வளவு சத்தம் வரும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்துத் தூக்கியிருப்பேன்.

மாதம் ஒரு கூட்டம், ஒன்றும் தவறவில்லை. நடுவில் ஒரு மாதம் ப்ரொஜெக்டர் விளக்கு போய்விட்டதால் எதையும் பார்க்காமல் பேசியே கலைந்தோம். அதையும் கூட்டமாகத்தான் சேர்த்திருக்கிறேன், ஆட்சேபணை இருந்தால் பிறகு சொல்லவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அந்தப் பக்கம் நான் போகவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. 12 கிரகங்களில் வாழும் மனிதர்களை சைலான்கள் என்ற எந்திரப் படைகள் ஒரே நாளில் அழித்துவிடுகின்றன. தப்பிய ஒரே போர்க்கப்பல் கேலக்டிகா, பின்னால் மக்களை ஏற்றிக்கொண்ட ஒரு கப்பல் கூட்டம், எல்லோரும் பூமி என்று ஒன்று இருக்கிறதாமே என்று தேடிப் போகிறார்கள். இரண்டு தொடருக்கும் இதுதான் கதை. முதலாவதை உருவாக்கியவர் க்ளென் ஏ. லார்சன். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1978 செப்டம்பர் 17 அன்று முதல் மூன்று மணி நேரப் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோதே, எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்ட கேம்ப் டேவிட் ஒப்பந்தச் செய்திக்காக நடுவில் நிறுத்தினார்கள். சகுனமே சரியில்லை என்று நம் மூத்த உறுப்பினர் இன்றைக்கும் சொல்வார். ஒரே சீசன், 1979 ஏப்ரலில் முடிந்தது. இரண்டாவதை ரொனால்ட் டி. மூரும் டேவிட் ஐக்கும் எடுத்தார்கள். 2003 டிசம்பரில் குறுந்தொடராக வந்து, பிறகு நான்கு சீசன் ஓடி 2009 மார்ச்சில் நின்றது.

முதல் மூன்று கூட்டங்களை ஸ்டார்பக் என்ற போர்விமானி பாத்திரம் சாப்பிட்டுவிட்டது. பழையதில் டர்க் பெனடிக்ட், வாயில் சுருட்டு, கையில் சீட்டுக்கட்டு. புதியதில் கேட்டி சாக்ஹாஃப், அதே சுருட்டு, அதே சீட்டு, ஆனால் பெண். பெனடிக்டே இதைத் தாக்கிக் கட்டுரை எழுதினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும், அதனால் பழைய அணிக்கு ஆள்பலத்துக்குக் குறைவில்லை. மூன்றாவது கூட்டத்தின் முடிவில், அதுவரை வாயே திறக்காத ஒரு உறுப்பினர் எழுந்து, “பூமர் என்ற இன்னொரு விமானியையும்தான் பெண்ணாக்கினார்கள், போதாததற்கு மனித உருவில் வரும் சைலானாகவும் ஆக்கினார்கள், அதற்கு ஏன் ஒருவரும் கத்தவில்லை?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. அத்துடன் ஸ்டார்பக் விவகாரம் முடிந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன், முடியவில்லை என்றாலும்.

நல்ல கூட்டம் என்று நான் சொல்வது நான்காவதுதான். பழைய தொடரின் முதல் பகுதியையும் புதியதின் முதல் வாரக் கதையான ‘33’ஐயும் அடுத்தடுத்துப் போட்டோம். பழையதில் உலகமே அழிந்த கொஞ்ச நேரத்தில் நம் வீரர்கள் காரிலான் என்ற கிரகத்துக்குப் போய்ச் சேருகிறார்கள், அங்கே ஒரு சூதாட்ட விடுதி, பாட்டு, கூத்து. அத்தனை கோடி பேர் செத்த துக்கம் எங்கே போனது என்று தெரியாது. புதியதில் 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து நிற்கின்றன, ஒவ்வொரு முறையும் கப்பல்கள் தாவித் தப்ப வேண்டும், ஐந்து நாளுக்கு மேல் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. தாவல் கணக்கு 237ஐத் தொட்டிருக்கிறது. வசனத்தைப் பாதியில் மறந்து நிற்கிறார்கள், ஷேவ் செய்யவில்லை, கண் சிவந்திருக்கிறது.

அதில் ஒரு பலகை வரும். ஜனாதிபதி ரோஸ்லினின் அறையில், உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை எழுதிய வெள்ளைப் பலகை. முன்பு கல்வி அமைச்சராக இருந்தவர், அதிகார வரிசையில் 43ஆவது இடம், மேலே இருந்த அத்தனை பேரும் இறந்ததால் பதவிக்கு வந்தவர். மேரி மெக்டொனல் நடித்தார். ஒரு பயணிகள் கப்பலைச் சுட்டு வீழ்த்தச் சொல்ல வேண்டிய நிலை வருகிறது, சொல்கிறார், அழிக்கப்படுகிறது. எல்லாம் முடிந்தபின் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. எழுந்து போய், கடைசி இலக்கத்தை அழித்து, 47,972ஐ 47,973 ஆக்குகிறார். அவ்வளவுதான் காட்சி. திரை இருண்ட பிறகு நம் அறையில் யாரும் விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. விளக்குப் போட வேண்டியவன் நான்தான்.

சரி, பழைய அணிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது ஞாயிற்றுக்கிழமை இரவு குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி. ஸ்டார் வார்ஸில் வேலை செய்த ஜான் டைக்ஸ்ட்ராதான் இதன் காட்சி ஜாலத்தையும் பார்த்துக்கொண்டார், அந்தக் காலத் தொலைக்காட்சியில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பணம் போதாமல் ஒரே சைலான் விமானம் ஒரே மாதிரி வாரா வாரம் வெடித்தது என்பது வேறு விஷயம். நம் உறுப்பினர் ஒருவர் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். அந்தச் சைலான்களின் முகத்தில் இடமும் வலமும் ஓடும் சிவப்பு விளக்கை இன்றைக்குப் பார்த்தாலும் லேசாகப் பயமாகத்தான் இருக்கிறது. பிற்பாடு ‘நைட் ரைடர்’ தொடரில் வரும் காரின் மூக்கில் ஓடியதும் அதே விளக்குதான், அதுவும் லார்சன் கைவரிசை. ரோபோ நாய்க்குட்டி மஃபிட்டைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, அதற்குள் இருந்தது ஒரு சிம்பன்சி என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கெய்ன் கூட்டத்தில்தான் முதல்முறையாக இரண்டு அணியும் ஒரே பக்கம் உட்கார்ந்தன. அழிந்துவிட்டதாக நினைத்த இன்னொரு போர்க்கப்பல் பெகாசஸ் திரும்பி வருகிறது, அதன் தலைவர் கெய்ன். பழையதில் லாயிட் பிரிட்ஜஸ், துணிச்சல்காரர், கொஞ்சம் கிறுக்கு, பார்த்தவுடன் பிடித்துப்போகும். புதியதில் மிஷல் ஃபோர்ப்ஸ். இவர் உத்தரவுக்குப் பணியாத தன் துணைத் தளபதியை எல்லோர் முன்னாலும் சுட்டுக் கொன்றவர், பொதுமக்கள் கப்பல்களிலிருந்து வேண்டிய பாகங்களையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அநாதையாக விட்டுவிட்டுப் போனவர். இரண்டையும் பார்த்தபின்தான் ஒன்று புரிந்தது. ரீமேக் எடுத்தவர்கள் பழையதை வெறுத்து எடுக்கவில்லை, பழைய கதை கேட்காமல் விட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். தனியாக ஒரு போர்க்கப்பல் இத்தனை நாள் எப்படிப் பிழைத்தது? 1978இல் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, கெய்ன் சிரித்தார், நாமும் சிரித்தோம்.

இதை நான் சொன்னதும் பழைய அணித் தலைவர் “அப்படியானால் கேள்வியைப் போட்டது நாங்கள்தானே” என்றார். பதிவு செய்தாயிற்று ஐயா.

இறுதிக் கதைக்கு வழக்கம்போல் அடிதடி. கடவுள், தேவதைகள் என்று முடித்து அறிவியல் புனைவின் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று புதிய அணியிலேயே பாதிப்பேர் கொதித்தார்கள். பழையதில் ஒளிக்கப்பல் வந்ததையும், வெள்ளை உடையில் அதற்குள் நின்ற அந்த ஜீவன்களையும், சாத்தானே நேரில் வந்தது போல இருந்த கவுண்ட் இப்ளிஸையும் யாரும் நினைவுபடுத்தாததால் நான்தான் நினைவுபடுத்தினேன். சாமி முதல் வருடத்திலிருந்தே இருக்கிறது. செயலாளர் நடுநிலை தவறினார் என்று ஒரு புகார் எழுத்தில் வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன்.

ரிச்சர்ட் ஹாட்ச் நினைவாக ஒரு கூட்டம் நடத்தினோம். பழைய தொடரில் அப்போலோ என்ற போர்விமானியாக நடித்தவர் அவர்தான். ரீமேக் வேண்டாம், பழைய கதையைத் தொடர வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடினார், 1999இல் அதற்காகத் தன் முயற்சியில் ஒரு முன்னோட்டப் படமே எடுத்துக் காட்டினார். நடக்கவில்லை. கடைசியில் அதே ரீமேக்கில் டாம் சாரெக் என்ற கைதியாக வந்து, புதிய அப்போலோவான ஜேமி பாம்பரை உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தார். பழைய அப்போலோ புதிய அப்போலோவை ஏற இறங்கப் பார்க்கும் அந்தப் பார்வையில் கொஞ்சம் அவருடைய சொந்தக் கணக்கும் இருக்கிறது என்பது என் எண்ணம். 2017இல் காலமானார். அந்தக் கூட்டத்தில் மட்டும் இந்த வருடம் யாரும் யாரையும் குறுக்கிடவில்லை.

இன்னொன்று, இசை. ஸ்டூ பிலிப்ஸ் போட்ட பழைய தொடரின் முகப்பு இசையைப் புதியவர்கள் தூக்கிப் போடவில்லை. இறுதிக் கதையில் மனிதர்கள் கைவிட்ட கப்பல்களெல்லாம் சூரியனுக்குள் போய் விழும்போது புதிய தொடரின் இசையமைப்பாளர் பேர் மெக்ரியரி அதைத்தான் மெதுவாக வாசிக்க விட்டார். மூத்த உறுப்பினர் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசு என்றார்.

அப்புறம் வருகைப் பதிவேடு. புதிய தொடரில் காகிதம், புத்தகம் எல்லாவற்றுக்கும் நான்கு மூலையும் வெட்டி எண்கோணமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். இளைய உறுப்பினர் ஒருவர் ஆர்வத்தில் நம் பதிவேட்டையும் அப்படியே வெட்டிவிட்டார், அழகாகத்தான் வெட்டியிருக்கிறார், ஆனால் மேல் மூலையில் இருந்த தேதிகளும் கீழ் மூலையில் இருந்த கையெழுத்துகளும் போய்விட்டன. ஆகவே இந்த ஆண்டு மொத்த வருகை எவ்வளவு என்பதை என்னால் சொல்ல இயலவில்லை. தங்கள் கையெழுத்து வெட்டுப்பட்டது என்று நினைப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து மறுபடி போட்டுவிட்டுப் போகவும். பேனா மேஜை மேல் இருக்கிறது.